ஃப்ளாஷ்பேக் இல்லாத சூனியக்காரி

எங்கள் ஹாஸ்டல் வார்டன் பேய்க் கதை படிக்க உட்கார்ந்தால் பக்கத்தில் ஸ்டேப்ளரை எடுத்து வைத்துக்கொள்வார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளாட்பாரக் கடையில் பழைய மாத நாவல்களைப் பொறுக்கி வருவார். அட்டையில் தலைவிரிகோலமாக ஒரு பெண், கண் இரண்டும் சிவப்பு பல்பு, பின்னால் பாழடைந்த பங்களா. கதை சூடுபிடித்து, சூனியக்காரி ஊரையே ஆட்டிவைக்கிற இடம் வந்ததும் எழுதுகிறவருக்குக் கை நமநமவென்று அரிக்கும். 'பல வருஷங்களுக்கு முன்னால்' என்று ஓர் அத்தியாயம் ஆரம்பிப்பார். அவள் ஏன் இப்படி ஆனாள், எவன் ஏமாற்றினான், எந்தக் கிணற்றில் தள்ளினான் எல்லாம் வரும். வார்டன் அந்தப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரத்தில் வரிசையாகப் பின் அடித்துவிட்டு, அடுத்த அத்தியாயத்திலிருந்து நிம்மதியாகப் படிப்பார்.

நான் துறையூரிலிருந்து வந்தவள். தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாள் முழுக்க எலும்பைப் பார்க்கிறவளுக்கு மண்டையோட்டு அட்டை என்ன பயத்தைக் கொடுக்கும்? ஸ்ரீரங்கத்தில் அந்த ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரமே ஒரு நாவலை வாங்கி, ஹேர்பின்னால் பின்னைக் கழற்றி, உள்ளே இருந்ததைப் படித்துவிட்டேன். எனக்குக் காதும் கொஞ்சம் நீளம், மூக்கும் கொஞ்சம் நீளம். எதையும் ஏன், எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் இருந்தால் ராத்திரி சோறு இறங்காது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"படிச்சிட்டியா?"

"ஆமா மேடம்."

"இப்ப அவளை நினைச்சா எப்படி இருக்கு?"

"பாவமா இருக்கு."

"அதுக்குத்தான் பின் அடிச்சேன். பாவம்னு ஆயிட்டா அப்புறம் அவளுக்கு எவன் பயப்படுவான்? ஆம்பளை மந்திரவாதி கதையும்தான் படிக்கிறேன். அவன் ஏன் மந்திரவாதி ஆனான்னு யாரும் எழுதறதில்ல. கத்துக்கிட்டான், ஆனான், அவ்வளவுதான். பொம்பளைக்கு மட்டும் யாராவது கெடுத்தாத்தான் சக்தி வருமா?"

சொல்லிவிட்டு ஸ்டேப்ளரை எடுத்து மறுபடி அடித்தார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அப்போதும், அதன் பிறகு இரண்டொரு முறையும்தான்.

நல்ல உயரம். நரைக்குச் சாயம் அடிக்கமாட்டார். நெற்றியில் எட்டணா அளவுக்குப் பொட்டு, கழுத்தில் ஒன்றுமில்லை. மார்கழியில் வாசலில் அவர் போடுகிற கோலத்தைத் தெருவே நின்று பார்க்கும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஹாஸ்டலில் இருந்த டீச்சர் அக்காவோடு சர்ச்சுக்கும் போவார். ரம்ஜான் மாதத்தில் உறையூரிலிருந்து வந்து தங்கியிருந்த பெண் தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தால் முதல் தம்ளர் அவருக்குத்தான். எந்த ஊர், என்ன ஜாதி, கல்யாணம் ஆனவரா ஆகாதவரா, ஆகி அறுந்தவரா என்று தெருவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாத பெண்ணுக்கு நம் ஊரில் ஒரு பெயர்தான் உண்டு. தெரு வைத்த அந்தப் பெயரை நாங்களும் எடுத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் 'சூனியம்' என்றோம். ஒருநாள் மாடிப்படியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்த பெண் "சூனியம் வருது, வெச்சுடறேன்" என்று கிசுகிசுத்தாள். பின்னாலிருந்து குரல் வந்தது: "சூனியம் போயிடுச்சு, பேசிக்கோ."

அவருடைய குணம் ஒன்றே ஒன்றுதான். விளக்கம் சொல்லமாட்டார், விளக்கம் கேட்கவும்மாட்டார். நான் அதற்கு முன் ஏறி இறங்கிய ஹாஸ்டல்களில் எல்லாம் சொந்த ஊரில் வேலை இல்லையா, அப்பா என்ன சொல்கிறார், இருபத்தாறு வயதாகியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று துளைத்து எடுத்தார்கள். நானும் ஒரு சோகக் கதையைத் தயார்செய்து, எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்பது உட்பட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இவர் என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீஸரை ஆளுக்கு ஒரு வாளிக்கு மேல் ஓடவிடக் கூடாது என்றார். என் சோகக் கதை வீணாய்ப் போனது. எனக்குக் கோபம்கூட வந்தது.

சும்மா இருக்கிற மனுஷியைத் தெரு எப்படிச் சூனியக்காரி ஆக்கிவிடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கேட்டுக்கு எதிரே ஒருவன் பைக்கில் சாய்ந்துகொண்டு, நாங்கள் வேலைக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தான். வார்டன் வெளியே போய் அவனுக்கு நேரே நின்றார். ஒன்றும் பேசவில்லை, பார்த்தார். அவன் நெளிந்துவிட்டு வண்டியை உதைத்தான், கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான், மறுபடியும். கடைசியில் தள்ளிக்கொண்டே ஓடினான். பெட்ரோல் தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனதை நானே பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ஆனால் பார்வையாலேயே இன்ஜினைக் கட்டிவிட்டார் என்று சாயங்காலத்துக்குள் தெரு பேசியது. நான் போய் அவரிடம் பெட்ரோல் விஷயத்தைச் சொன்னேன். அப்படியா என்றார். அதை வெளியே சொல்லலாமே என்றேன். அவர் நாவலில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இந்தக் குணம் எங்கள் தலையில் இடியாக இறங்கியது என் ஷிஃப்டால்தான்.

ஆஸ்பத்திரியில் என்னை மத்தியான ஷிஃப்டுக்குப் போட்டார்கள். வேலை முடிந்து, டவுன் பஸ் பிடித்து, பாலம் தாண்டி வந்து சேர ஒன்பதரை ஆகும். கேட் பூட்டுவது எட்டரைக்கு. வேறு ஹாஸ்டலாக இருந்தால் அப்பா கையெழுத்து வேண்டும், ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும். அப்பாவோ, ஒழுங்கான நேரத்துக்கு வர முடியவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடு என்று சொல்லிவிட்டார். ஊரில் ஒரு அரிசி மண்டிக்காரப் பையனுக்கு என் ஜாதகத்தைக் கொடுத்து, அது பொருந்தியும் விட்டது. அந்த ஹாஸ்டலில் என் கட்டில் போனால் வேலை போகும். வேலை போனால் மண்டி. வார்டனிடம் தயங்கித் தயங்கிப் போய் ஷிஃப்டு மாறியதைச் சொன்னேன். அவர் கொத்திலிருந்து கேட்டின் இன்னொரு சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

தெருவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெண் தினம் ஒன்பதரைக்கு வருகிறாள், காரணம் தெரிந்தாக வேண்டும் என்று கிளம்பினார்கள். முன்னால் நின்றவர் வீட்டுக்காரர். ஹாஸ்டல் இருந்த கட்டடத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் அவர்தான் எஜமான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிட்டையர் ஆனவர். பெருமாள் விஷயத்திலும் தெரு விஷயத்திலும் கறார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கேட்டைத் திறந்து உள்ளே வந்துவிட்டார்.

அன்றைக்குச் சமையல்கார அக்கா லீவு, எனக்கும் வார லீவு. வார்டன் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையை விரித்துப் போட்டபடியே, ராத்திரிச் சாம்பாருக்கு முன்வாசலில் பூசணிக்காயோடு உட்கார்ந்திருந்தார். முழுப் பூசணிக்காயைப் பெண்கள் பிளக்கக் கூடாது, வீட்டில் ஓர் ஆண்பிள்ளை முதல் வெட்டு வெட்டித் தர வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டிலும் அப்பா வந்து வெட்டுகிற வரைக்கும் பூசணிக்காய் காத்திருக்கும். பெண்கள் ஹாஸ்டலில் ஆண்பிள்ளைக்கு எங்கே போவது? அவர் அரிவாளை ஓங்கி ஒரே போடாகப் போட்டு இரண்டாகப் பிளந்த நேரமும், அவர்கள் கேட்டைத் தாண்டிய நேரமும் ஒன்றாய் அமைந்தது. அதற்கு முன் பீட்ரூட் துருவியிருந்ததால் இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சம்பழம்.

வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் கண்ணில் என்ன ஓடியது என்று எனக்குப் பச்சையாகத் தெரிந்தது. மாமா, இது சாம்பாருக்கு என்று என் நாக்கு நுனி வரை வந்தது. வார்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாக்கு உள்ளே போய்விட்டது.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமி, இது கௌரவமான தெரு என்று ஆரம்பித்து, பாதியில் அரிவாளைப் பார்த்து, மறுபடி ஆரம்பித்தார். அந்தப் பெண் ஒன்பதரைக்கு வருவதற்கு என்ன காரணம் என்று கேட்டார்.

"எங்க ஹாஸ்டல் பொண்ணு. ஒம்பதரைக்கு வருவா."

அவ்வளவுதான் பதில். அதற்குமேல் ஏதாவது வரும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அவர் பூசணியின் குடலை வழித்துக்கொண்டிருந்தார். கூட வந்த இருவரும் முதலில் நழுவினார்கள், பின்னாலேயே வீட்டுக்காரரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை உலகம் பார்த்திருக்கிறது. சாம்பாரில் போடுகிற பூசணிக்காயைச் சாம்பாருக்கு என்று சொல்லாமல் இருந்தவர் இவர் ஒருவர்தான். ராத்திரி சாப்பிடும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சாம்பாருக்குன்னா, ஏன் அரிவாள்னு வரும். அதுக்குச் சொன்னா, ஏன் தலையை விரிச்சிருக்கேன்னு வரும். ஆரம்பிச்சா முடியாதும்மா" என்று எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் காவிரியில் அம்மா மண்டபம் படித்துறைக்குக் குளிக்கப் போய், பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்று வேறொருத்திக்குப் பதிலாகக் காலை ஷிஃப்டு பார்த்துக்கொண்டிருந்த என்னிடமே எக்ஸ்ரேக்கு வந்தார். கையைப் பிடித்து வைத்துப் படம் எடுத்தேன். எலும்பில் மெல்லிய கோடு. கட்டுப் போட்டால் கூடிவிடும் என்றேன். அவர் திரையை எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உள்ளே வேற ஏதாவது தெரியறதா?" என்றார். ஒன்றுமில்லை, வெறும் எலும்புதான் என்றேன். மனுஷருக்கு ஏமாற்றமாகிவிட்டது. வெறும் எலும்பு முறிந்ததற்கு யாரைக் கோபித்துக்கொள்வது?

அதன் பிறகு தெருவின் கேலிச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பயமாக மாறியது. பால்காரர் பாக்கெட்டை கேட்டில் தொங்கவிட்டுவிட்டு மணி அடிக்காமல் ஓடினார். இஸ்திரிக்காரர் எங்கள் துணிக்கு இடமில்லை என்றார். ஒருநாள் வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. வார்டன் அதை எடுத்துக் கழுவி, முகர்ந்து, நல்ல பழம் என்று ஜூஸ் போட்டுக் குடித்தார். நாங்கள் விடிய விடிய அவர் மூச்சு விடுகிறாரா என்று கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. துறையூர்ப் பக்கத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு அத்தையை இப்படித்தான் முதலில் கேலியாகச் சொன்னார்கள்; பிறகு அவர் தண்ணீர் எடுக்க வந்தால் குழாயடி காலியாகும்; ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர் திரும்பவேயில்லை. நாவலில் வருகிற சூனியக்காரி ஊரை அழிப்பாள். ஊரில் நான் பார்த்ததெல்லாம் நேர்மாறாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரர் கையில் கட்டோடு வந்து முடிவைச் சொன்னார். ஆடி பிறப்பதற்குள் ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் அதற்கு முன்பே. இல்லையென்றால் வார்டன் தாயார் சன்னிதிக்கு வந்து, நான் எதுவும் செய்யவில்லை என்று ஒரு சத்தியம் பண்ண வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அது போதும் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவு சுலபமா? ஓடிப் போய் வார்டனிடம் கெஞ்சினேன். பொய் இல்லையே, நிஜமாகவே ஒன்றும் செய்யவில்லையே, ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் கட்டில் மிஞ்சுமே என்றேன். அழுதேன், இந்த முறை ஒத்திகை இல்லாமல்.

"செய்யலைன்னு சத்தியம் பண்றவ, செய்ய முடியும்னு ஒத்துக்கறா" என்றார். "இன்னிக்கு அவர் கை. நாளைக்கு யாரு மாடு செத்தாலும் சன்னிதிக்குப் போகணுமா? வேற இடம் பாத்திடலாம்."

வேறு இடம் பார்க்கப் போனோம். காட்டூர், பொன்மலை எல்லாம் சுற்றினோம். இத்தனை பெண்களுக்கு மொத்தமாக வீடு தர ஆளில்லை. தருகிறவர்களும் முதல் கேள்வியே வார்டனின் கணவர் என்ன செய்கிறார் என்றுதான் கேட்டார்கள். அவர் நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுவார். எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. இவருடைய வாயில் என்ன முத்தா கொட்டிவிடும்? பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வைத்தேன். அரிசி மண்டியின் வாசனை மூக்கில் ஏறியது.

ஆடிக்கு ஒரு வாரம் இருக்கையில், எனக்கும் லீவு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வீட்டுக்காரருடைய மனைவி வந்தார். அந்த மாமியை நாங்கள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது பார்த்திருக்கிறோம். நாங்கள் சிரித்துப் பேசுவதைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார், நாங்கள் திரும்பினால் உள்ளே போய்விடுவார். ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பித்தளைக் காபி ஃபில்டர்.

"எனக்கு இங்க ஒரு இடம் கிடைக்குமா?" என்று கேட்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்தினோம். வார்டன் மட்டும் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"மேல் கட்டில் ஏறுவீங்களா, கீழ் கட்டில் வேணுமா?"

"கீழதான் சௌகர்யம். நான் ஏன் வந்துட்டேன்னா, அவர் என்னை..."

"மாமி, தட்டு எடுத்துக்கிட்டு வாங்க. சாதம் ஆறிடும்."

மாமி வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. நான் சேர வந்த அன்று என் சோகக் கதை வீணானதும் எனக்கு வந்தது கோபம். அவருக்கு வந்தது அப்படியொரு நிம்மதி. தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் என் கீழ்க் கட்டிலைக் கொடுத்துவிட்டு மேலே ஏறினேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. என் ஆத்துக்காரியை என்ன பண்ணினேள் என்று வார்டனைக் கேட்டார். வார்டன் வழக்கம்போல் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து மாமிதான் வந்தார்.

"அவா ஒண்ணும் பண்ணலை, நானாத்தான் வந்தேன். இந்த ரெண்டு வீட்டையும் எங்கப்பா என் பேர்லதான் எழுதி வெச்சிருக்கார். ஹாஸ்டல் எங்கயும் போகாது."

வீட்டுக்காரர் ஆடிப்போய்விட்டார். நாங்களும்தான். அத்தனை வருஷமாக வாடகையைக் கைநீட்டி வாங்கியவர் அவர். பத்திரத்தில் இருந்தது மாமி. ஏன் இப்படிப் பண்றே, என்ன காரணம் என்று அவர் கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார், பாவம். மாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். வார்டனைத் திரும்பிப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, வீட்டுக்காரரைப் பார்த்தபடியே நின்றார்.

அவர் இரண்டு அடி பின்னால் வைத்தார். அதுவரை தெருவில் ஒரு சூனியக்காரிதான் இருந்தார். அன்றிலிருந்து இரண்டு.

ஆடி முழுக்க மாமி எங்களோடுதான் இருந்தார். அவர் கைபட்டு ஹாஸ்டல் ரசம் வாயில் வைக்கிற மாதிரி ஆனது. பதினெட்டாம் பெருக்கன்று எல்லோருமாகச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு காவிரிக்குப் போனோம். தெரு முழுவதும் ஜன்னலில் நின்று பார்த்தது. மாமி ஒவ்வொரு ஜன்னலுக்கும் கையாட்டிக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டில் வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் காபி போடக் கற்றுக்கொண்டார். ஆவணியில் மாமி வீட்டுக்குத் திரும்பினார். ஆனால் கட்டிலை விடவில்லை, நினைத்தால் வந்து படுத்துக்கொள்வார். ஏன் வந்தார் என்பதைப் பிற்பாடு ஒருநாள் மொட்டை மாடியில் தானாகவே எனக்குச் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது நான் ஒரு ஆடியோ ஆப்புக்குப் பேய்த் தொடர் எழுதுகிறேன். அதில் வருகிறவள் ஏன் சூனியக்காரி ஆனாள் என்று ஒரு எபிசோட் வைத்தே ஆக வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணிக்கொண்டே இருக்கிறான். பண்ணட்டும்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து ஒரு காலையில் வார்டன் சாவிக்கொத்தை மாமி கையில் கொடுத்தார். ஒரு பெட்டி, ஒரு பை. வேலையை விட்டுப் போகிறார் என்பது அதைப் பார்த்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. எங்கே, யாரிடம், ஏன் இப்போது என்று எனக்கு நெஞ்சு வெடித்தது. ஒவ்வொருத்தி தொண்டையிலும் அதே கேள்வி நின்றது. ஒருத்தியும் கேட்கவில்லை. அவருக்குக் கொடுக்க எங்களிடம் வேறு எதுவும் இல்லை. மாமி மட்டும் "நீங்க எங்க..." என்று ஆரம்பித்துவிட்டு, மிளகாய்ப் பொடி தடவிய இட்லி கட்டித் தரட்டுமா என்று முடித்தார். வார்டன் சரி என்று தலையை ஆட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆட்டோ வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு டிரைவர் திரும்பினார்.

"எங்கம்மா போகணும்?"

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினோம். வார்டன் எங்களை ஒருமுறை பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

"நேராப் போங்க" என்றார்.

ஆட்டோ நேராகப் போனது. மாமிக்குத் தாங்கவில்லை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கத் தெரு முனை வரைக்கும் ஓடினார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, மூச்சு வாங்க, மெதுவாகத் திரும்பி வந்தார். நாங்கள் கேட்கவில்லை. மாமியும் சொல்லவில்லை.